பெனி மொரே: குறியீடு படிக்கத் தெரியாதவர் என்ற பட்டம் பற்றி

2 பிப்ரவரி, ஒரு வாசகரின் கேள்வி

கியூபப் பாடகர் பெனி மொரேவை இந்த இழைகளில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இசைக்குழுத் தலைவர் பெரெஸ் பிராதோ மம்போ என்ற ஆட்ட இசையைக் கொண்டுவந்தார், அதில் பாட ஒரு குரல் வேண்டியிருந்தது, இவர் கிடைத்தார். பிறகு பாடியதெல்லாம் உருகி வழியும் பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டு. இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. குடித்தே 43 வயதில் செத்துப்போனார். இளம் வயதில் போனவர்களுக்குக் கிடைக்கும் ஒளிவட்டம்தான் இவருக்கும் கிடைத்திருக்கிறது. மறுக்கிறவர்கள் சான்றோடு வரவும்.

3 பிப்ரவரி, காலை

சான்றோடு வருகிறேன். முதலில் ஆண்டுக் கணக்கு.

பெனி மெக்ஸிக்கோ நகரத்தில் கால் வைத்தது 1945இல். தன் குழுவோடு கூட்டிப் போனவர் பிராதோ அல்லர், மிகேல் மத்தாமொரோஸ். அந்தப் பெயர் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் கியூபாவின் சோன் இசையைப் பாதிக்குமேல் கேட்கவில்லை என்று பொருள். குழு ஊர் திரும்பியபோது பெனி மட்டும் மெக்ஸிக்கோவில் தங்கிவிட்டார். மரியானோ மெர்செரோன், ரஃபயேல் தெ பாஸ், அர்த்தூரோ நூன்யெஸ் என்று பல குழுக்களோடு இரவு விடுதிகளில் பாடினார், ஆர்.சி.ஏ. விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். பிராதோவின் மம்போ அங்கே தீப்பிடித்தது 1949, 1950 வாக்கில். அதற்குள் நம் ஆள் ஓர் அந்நிய நகரத்தில் பாட்டையே நம்பி ஆண்டுக்கணக்கில் பிழைத்துக் காட்டிவிட்டார்.

இன்னொன்று. பிராதோவை உலகம் சுற்ற வைத்த பெரிய வெற்றிகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் பாடகருக்கு வேலையே இல்லை. எக்காளங்கள் கத்தும், சாக்ஸபோன்கள் கீழே உறுமும், நடுவில் பிராதோ தன் தொண்டையிலிருந்து ஒரு முக்கல் விடுவார். அவ்வளவுதான். ஆகவே, "குரல் தேவைப்பட்டது, இவர் கிடைத்தார்" என்பது தலைகீழ். குரல் தேவைப்படாத ஒரு பாணிக்குள் இந்த மனிதருக்காக இடம் ஒதுக்கப்பட்டது. "பாபரபத்திரி", "அனபகோவா", "லோக்காஸ் போர் எல் மம்போ" மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பித்தளைக் கருவிகளின் அந்தச் சுவருக்கு நடுவே அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

3 பிப்ரவரி, மதியம்

ஒரு துணுக்கு விட்டுப்போயிற்று. அவருடைய உண்மைப் பெயர் பார்த்தொலொமே. செல்லமாக "பார்த்தோலோ" என்பார்கள். மெக்ஸிக்கோவில் கழுதையை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மத்தாமொரோஸ் குழுவைச் சேர்ந்த ரஃபயேல் குவேத்தோ எச்சரித்தாராம். சரி, பெனி என்று வைத்துக்கொள்கிறேன் என்று முடிவாயிற்று. கழுதை என்ற கேலிக்குத் தப்பி வைத்துக்கொண்ட பெயர்தான் இன்று அவருடைய ஊர்ப்பக்கத்து இசைவிழாவுக்கும் பெயராக இருக்கிறது.

5 பிப்ரவரி

இப்போது "குறியீடு படிக்கத் தெரியாது" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். ரசிகர்கள் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்: படிக்காத மேதை, இயற்கையின் கொடை, காட்டுப் பூ. இரண்டு பேச்சும் ஒரே தவற்றிலிருந்து வருகின்றன. அந்த மனிதர் உழைக்கவில்லை என்று இரண்டுமே நம்ப வைக்கின்றன.

நான் மெல்லிசைக் குழு ஒன்றில் பல காலம் தும்பா என்ற கைமுரசு வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாட்டுக்கு முன்னால் கூட்டத்தை உட்கார வைக்கும் கச்சேரி, எல்லாம். எங்கள் குழுவில் குறியீடு எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள் கீபோர்டுக்காரரும் வயலின்காரர் ஒருவரும்தான். மற்றவர்களுக்குக் கேள்வி ஞானம். எட்டு வயலின்கள் கொண்ட ஒரு திரைப்பாட்டின் இடையிசையை இரண்டே கருவிகளுக்குச் சுருக்க வேண்டும் என்றால், எங்கள் குழுத் தலைவர் வாயாலேயே பாடிக் காட்டுவார். "நீ இதை வாசி, அவன் இதை வாசிக்கட்டும், மூன்றாவது தடவை இருவரும் சேருங்கள்." நான்கு குரல்களையும் ஒருசேரத் தலைக்குள் வைத்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். அதைத் தாள் பார்த்து வாசிப்பதைவிட எளிது என்று சொல்கிறவர் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

பெனி செய்தது இதுதான், நூறு மடங்கு பெரிய அளவில். எக்காளங்களுக்கு இது, சாக்ஸபோன்களுக்கு இது, பியானோ இங்கே நிற்க வேண்டும், பாஸ் இங்கே இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு பகுதியையும் வாயாலேயே பாடிக் காட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தாளில் இறக்குவார். ஒத்திகையில் வாசித்தவுடன் எங்கே பிசகு என்று காதால் பிடிப்பார். இதற்கு "தெரியாது" என்று பெயரா?

6 பிப்ரவரி

"அப்படியானால் தாளில் இறக்கியவருக்குத்தானே பெருமை?" என்று கீழே ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி. பியானோ வாசித்த எதுவார்தோ கப்ரேரா, எல்லோரும் கப்ரெரித்தா என்று கூப்பிடுவார்கள், அவருக்குப் பெரிய பங்கு உண்டு. டிராம்போன்காரர் ஹெனெரோசோ ஹிமெனெஸுக்கும் உண்டு. பெனி முணுமுணுத்ததை ஊதுகருவிகளுக்கு உகந்த அடுக்காக மாற்றுவது எழுத்தர் வேலை அன்று. அவர்களுடைய கையெழுத்து அந்த ஒலியில் இருக்கிறது. அவர்கள் பெயர்கள் பல தொகுப்புகளின் உறையில் இல்லாதது அநியாயம்.

ஆனால் இதையும் கவனியுங்கள். பெனிக்குத் தன் ஆட்களின் பெயரைச் சொல்லும் பழக்கம் இருந்தது, அதுவும் பாட்டின் நடுவிலேயே. "கே புவேனோ பைலா உஸ்தெத்" என்ற அவருடைய சொந்தப் பாட்டில், நன்றாக ஆடுகிற ஒருவரைப் பாராட்டிக்கொண்டே வருகிறார். குழுவினர் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், இவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல்லை நடுவில் செருகுகிறார். டிராம்போன் தனியாக எழும்போது ஆடுகிறவரை விட்டுவிட்டு ஹெனெரோசோவைப் பெயர் சொல்லி அழைத்து, "எவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் நீங்கள்" என்று அதே மெட்டில் திருப்பிப் போடுகிறார். அந்த டிராம்போன் ஒலிக்கும் வரை அந்தப் பெயரும் ஒலிக்கும். மேடையில் பக்கவாத்தியக்காரனாகப் பின்வரிசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய கூலி என்று.

8 பிப்ரவரி

ஊரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவதில் பயனில்லை.

சாந்தா இசபெல் தெ லாஸ் லாஹாஸ். கியூபாவின் நடுப்பகுதியில், சியன்ஃபுவேகோஸ் பக்கம் ஒரு சிற்றூர். சுற்றிலும் கரும்பு. 1919 ஆகஸ்ட் 24ஆம் நாள் அங்கே பிறந்தார். பதினெட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். தாய் வழியில் அவருடைய முன்னோர் ஒருவர் கொங்கோ பகுதியிலிருந்து சிறுவனாகப் பிடித்துவரப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர், குலத்தலைவன் ஒருவனின் மகன் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட செய்தி. மொரே என்பது அடிமைப்படுத்திய எசமானனின் பெயர். விடுதலைக்குப் பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஊரில் கொங்கோ வழிவந்தவர்களின் சங்கம் ஒன்று இருந்தது, கசினோ தெ லோஸ் கொங்கோஸ். சங்கம் என்றால் ஏதோ மனமகிழ் மன்றம் என்று நினைக்க வேண்டாம். வழிபாடு, முன்னோர் நினைவு, உறவின் முறை, பறையறைதல், ஆட்டம், எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். சிறுவன் பார்த்தோலோ அங்கேதான் மக்கூத்தா முரசையும் பிறவற்றையும் கற்றான். கொங்கோ முறை மட்டுமன்றி, பெம்பே போன்ற யோருபா வழிக் கொட்டும் அவனுக்குக் கையில் வந்தது. அங்கே பாடுவதும் ஆடுவதும் அடிப்பதும் தனித்தனிப் படிப்புகள் இல்லை. தலைவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார், கூட்டம் திருப்பிச் சொல்லும், முரசு இடையில் கேள்வி கேட்கும். பிற்காலத்தில் பெனி ஒரு பெரிய குழுவுக்கு முன்னால் நின்று செய்ததன் அச்சு முழுவதும் இங்கேயே வார்க்கப்பட்டுவிட்டது.

ஆக, அவருக்குக் குரு இல்லை, பள்ளி இல்லை என்று எழுதுகிறவர்கள் ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையே கண்ணெதிரில் வைத்துக்கொண்டு பார்க்காமல் போகிறார்கள். கறுப்பு மக்களின் பள்ளி கணக்கில் வராது போலும்.

8 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதில் சூடு கொஞ்சம் கூடிவிட்டது. இருக்கட்டும், எடுக்கப் போவதில்லை. ஆனால் ஊர் ஒன்றே எல்லாம் என்று ஆகிவிடக் கூடாது. 1936இல் முதல்முறை ஹவானாவுக்குப் போனபோது அவர் செய்த வேலை, அடிபட்டு விலை குறைந்த பழங்களையும் காய்களையும் மூலிகைகளையும் தெருவில் விற்பது. சில மாதங்களில் ஊர் திரும்பித் தம்பியோடு கரும்பு வெட்டினார். அந்தக் காசில்தான் ஒரு நல்ல கிட்டார் வாங்கினார். 1940இல் மறுபடி ஹவானா. துறைமுகத்தை ஒட்டிய மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் பாடித் தொப்பியை நீட்டுவது. ஒரு மேசையில் தச்சன், அடுத்த மேசையில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி, அதற்கடுத்ததில் மாலுமி. மேசைக்கு மேசை பாட்டை மாற்றாவிட்டால் தொப்பியில் ஒன்றும் விழாது. பிற்பாடு சோன், மம்போ, குவாராச்சா, குவாஹிரா, பொலேரோ எல்லாவற்றையும் ஒரே ஆள் எப்படிப் பாடினார் என்று வியக்கிறார்கள். வயிறு கற்றுக்கொடுத்தது.

9 பிப்ரவரி

வானொலிப் போட்டிகளை எண்ணி ஏங்கும் தம்பிகளுக்கு ஒரு செய்தி. ஹவானாவின் சி.எம்.க்யூ. வானொலியில் "கலையின் உச்ச நீதிமன்றம்" என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு பாட்டுப் போட்டி. பிடிக்காவிட்டால் பாதியிலேயே மணி அடித்து வெளியே அனுப்புவார்கள். முதல் தடவை பெனி வாய் திறந்தவுடனேயே மணி. அடுத்த தடவை போய் முதல் பரிசு வாங்கினார். முதல் நாள் மணியடித்த நடுவரிடம் பிற்பாடு யாராவது விசாரித்தார்களா என்று எனக்கு ஆசை.

11 பிப்ரவரி

இனி பொலேரோ. "உருகி வழியும்" என்று எழுதினீர்கள். எந்தப் பொலேரோவை எந்தக் காதால் கேட்டீர்கள்?

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் பொலேரோ என்று ஓர் ஆட்டம் உண்டு, மூன்று தட்டுத் தாளம். கியூபாவின் பொலேரோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தியாகோ நகரத்துக் கிட்டார்ப் பாடகர்கள் வளர்த்தது. பிறகு மெக்ஸிக்கோ அதைத் தத்தெடுத்துக்கொண்டது. நான்கு தட்டு, மெதுவான நடை, காதலும் பிரிவும் மனத்தாங்கலும் பொருள். அந்த மெதுவில்தான் ஆபத்து. வேகமான பாட்டில் பாடகரின் சின்னச் சின்னத் தடுமாற்றம் கொட்டில் மறைந்துவிடும். பொலேரோவில் ஒளிய இடமே இல்லை.

"கோமோ ஃபுவே" என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எர்னெஸ்தோ துவார்த்தே எழுதி, 1953இல் அவருடைய குழுவோடு பெனி பதிவு செய்தது. எப்படி நேர்ந்தது என்று தெரியவில்லை, ஆனால் உன்மேல் காதல் கொண்டுவிட்டேன் என்பதுதான் மொத்தச் செய்தி. ஊதுகருவிகள் மெத்தென்று பாய் விரிக்கின்றன. முதல் இரண்டு சொற்களை அவர் அழுத்தவே இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல வைத்துவிட்டு நிறுத்துகிறார். அடுத்த வரி தாளத் தட்டின்மேல் வந்து விழ வேண்டிய இடத்தில் விழாமல், ஒரு மயிரிழை தாமதித்து வருகிறது. நம் பக்கத்துக் கச்சேரிக் காதுக்கு இது அனாகத எடுப்பு என்று உடனே பிடிபடும். ஆனால் ஒவ்வொரு வரியையும் அவர் அதே அளவு தள்ளுவதில்லை. ஒன்று தட்டுக்குப் பின்னால், ஒன்று சரியாகத் தட்டின்மேல், ஒன்று அவசரப்பட்டதுபோல முன்னால். காரணம் தேடித் தடுமாறும் ஒருவன் பேசும் பேச்சின் நடை அது. குரல் நடுங்கவில்லை, விம்மவில்லை, எங்கும் கண்ணீர் காட்டவில்லை. கடைசியில்தான் மேலே ஏறுகிறார். அதுவரை கையிருப்பைச் செலவழிக்காமல் வைத்திருந்தது அங்கே தெரிகிறது.

இந்த ஒரு பதிவைத் தும்பாவை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தேன். அவர் குரலைப் பின்தொடர்ந்தால் என் கை நடையிலிருந்து நழுவிவிடுகிறது. குரலை மறந்து, பாஸை மட்டும் பிடித்துக்கொண்டால்தான் தாளம் நிற்கிறது. தாளத்துக்கு வெளியே இவ்வளவு தாராளமாக நடமாடியும் ஒரு தடவைகூட வழி தவறாதவரை "உருகி வழிகிறார்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12 பிப்ரவரி

ஒருவர் எழுதியிருக்கிறார்: பொலேரோ வேறு உடல், மம்போ வேறு உடல், பெனி இரண்டு பாடகர்கள் என்று. ஒப்புக்கொள்ள மாட்டேன். மம்போவில் கூட்டுக்குரல் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வரும்போது, பெனி உள்ளே செருகும் சொற்கள் எங்கே வந்து விழுகின்றன என்று பாருங்கள். அதே தாமதம், அதே முந்தல், சின்ன அளவில். வேகம் மட்டும் மாறுகிறது. இரண்டு கட்டைகளை மோதி அடிக்கும் கிளாவே என்ற கொட்டு ஒன்று இருக்கிறது, முதல் பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு. அதைத் தொடையில் தட்டிக்கொண்டே "பொனீத்தோ இ சப்ரோசோ" கேளுங்கள். உங்கள் கை தடுமாறும் இடங்களையும் அவர் தடுமாறாத இடங்களையும் குறித்து வையுங்கள்.

மனம் நிறைந்த ஒரு சான்று வேண்டுமா? மெக்ஸிக்கோவின் பெத்ரோ வர்காஸோடு அவர் சேர்ந்து பாடிய "ஒப்செசியோன்". வர்காஸ் முறையாகப் பயின்ற டெனர், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர், மார்பிலிருந்து வரும் பெருங்குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் இஸ்திரி போட்டிருப்பார். பக்கத்தில் பெனி, கரும்பு வெட்டிய ஆள். வர்காஸ் தட்டின்மேல் நிமிர்ந்து நிற்கிறார், பெனி அவரைச் சுற்றி நடக்கிறார். இருவருமே பெரியவர்கள் என்பதும் புரியும், தாளத்தில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பதும் புரியும்.

14 பிப்ரவரி

மம்போவைக் கண்டுபிடித்தது யார் என்று சண்டை தொடங்கிவிட்டது, எதிர்பார்த்ததுதான். சுருக்கமாக: ஒரெஸ்தெஸ் லோபெஸ் என்ற இசைக்கலைஞர் 1938இல் அர்க்காஞோ குழுவுக்காக எழுதிய தன்சோன் என்ற ஆட்ட இசை ஒன்றுக்கு "மம்போ" என்று பெயர். அவருடைய தம்பி கச்சாவோ அந்தக் குழுவில் பாஸ் வாசித்தவர். கண் தெரியாத மேதை அர்சேனியோ ரொத்ரிகெஸ் தன் குழுவில் செய்ததும் அதே திசை. பிராதோ அதை எடுத்துப் பித்தளையில் வார்த்து உலகச் சந்தைக்கு அனுப்பினார். தந்தை யார் என்று கேட்டால் ஊரே கை தூக்கும். மேற்கொண்டு இதில் நான் இறங்கப் போவதில்லை.

16 பிப்ரவரி

பாந்தா ஹிகாந்தே, அதாவது பெனியின் ராட்சசக் குழு. இழையில் யாரும் இன்னும் கேட்கவில்லை, ஆனால் அவருடைய வாழ்வின் மையம் இதுதான்.

1950களின் தொடக்கத்தில் நாடு திரும்பியபோது மெக்ஸிக்கோவில் அவர் "மம்போவின் இளவரசன்", கியூபாவிலோ பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது. கிழக்கே சந்தியாகோ வானொலியில் மெர்செரோன் குழுவோடு பாடினார். 1952இல் பெபோ வால்தெஸ் "பதாங்கா" என்று ஒரு புதுக் கொட்டைக் கிளப்பியபோது அதிலும் பாடினார். பிறகு துவார்த்தே குழு. அப்போதைய ஹவானாவில் வெள்ளையர் மட்டும் கூடும் கிளப்புகள் இருந்தன. அத்தகைய இடங்களில் கறுப்புப் பாடகர் மேடையேறுவது கேள்விக்குரிய விஷயம். குரல் வானொலியில் எல்லார் வீட்டுக்குள்ளும் போகும், ஆள் மட்டும் வாசலில் நிற்க வேண்டும். இந்த அவமதிப்புத்தான் அவரைச் சொந்தக் குழு தொடங்கத் தூண்டியது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, 1953இல் குழு தொடங்கிவிட்டது. தன் கலைஞர்களை "என் குலம்" என்று கூப்பிடுவார். லாஹாஸ் சங்கம் மறுபடி தலைகாட்டுகிறது, பாருங்கள்.

அந்தக் குலத்தில் இருந்தவர்களைப் பாருங்கள்: அவருடைய உறவினரான எக்காளக்காரர் "சாக்லேட்" அர்மென்தெரோஸ், டிராம்போனில் ஹெனெரோசோ, டிரம்ஸில் ரொலாந்தோ லா செரீ. லா செரீ பிறகு தாமே பெரிய பாடகர் ஆனார். இவர்களுக்கு முன்னால் நின்று பெனி நடத்தும் விதம் சில பழைய படச்சுருள்களில் மிஞ்சியிருக்கிறது. தொளதொளவென்று கால்சட்டை, அதைப் பிடித்து நிறுத்தும் தோள்வார், முழங்காலைத் தொடும் கோட்டு, அகல விளிம்புத் தொப்பி, கையில் கைத்தடி. குழுவுக்குச் சைகை கொடுக்கக் கோல் கிடையாது. தோளைக் குலுக்கினால் சாக்ஸபோன்கள், காலை உதறினால் எக்காளங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுகிறார் என்று பார்வையாளர் நினைப்பார்கள், பின்வரிசை அந்த முதுகைப் பார்த்துத்தான் வாசிக்கும்.

ஹவானா ஓரத்தில் இருந்த அலி பார் அவருடைய கோட்டை. அங்கே அவரைக் கேட்க விடிய விடியக் காத்திருப்பார்கள். நேரத்துக்கு வருவதில்லை என்ற கெட்ட பெயர் அவருக்கு உண்டு, அது பொய்யில்லை. சில இடங்களுக்கு வராமலே போனதும் உண்டு. இதை ரசிகர்கள் செல்லமாகச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வராத பாடகருக்காகத் திடலில் மைக் முன் "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டு, கூட்டத்தின் கூச்சலையும் செருப்பையும் வாங்கியவன் நான். தாமதித்தவர் கடைசியில் வந்து பாடிக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போனார். எங்களுக்குப் பேசிய பணத்தில் பாதி பிடித்தார்கள். ஆகவே அந்த விஷயத்தில் என் அனுதாபம் குலத்துக்கு, தலைவருக்கு அன்று.

17 பிப்ரவரி

நேற்றைய கடைசிப் பத்தியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர், "பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்கிறார். எதை ஒப்புக்கொண்டேன்? தாமதமாக வருவதை. பாடத் தெரியாது என்பதையா? ஒழுங்கில்லாதவர் என்பதற்கும் உழைக்காதவர் என்பதற்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. வீட்டில் காலையில் எழுந்து பன்றியும் கோழியும் வளர்த்து, தோட்டம் கொத்திக்கொண்டிருந்த ஆள் அவர். ஹவானா ஓரத்தில் லா கும்ப்ரே என்ற இடத்தில் வீடு. புகழின் உச்சியிலும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அலி பாருக்கு நேரத்தில் போகவில்லை, அவ்வளவுதான்.

19 பிப்ரவரி

அவர் இறந்த நாள். 1963.

கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. குடி என்பதில் ஒளிவுமறைவில்லை, நீங்கள் சொன்னதும் சரிதான். கடைசிக் கச்சேரி, சில நாள்களுக்கு முன் சியன்ஃபுவேகோஸ் அருகே பல்மீரா என்ற ஊரில். உடம்பு முடியாமல்தான் போனார். இரத்த வாந்தி எடுத்தார். ஹவானாவுக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. உடலைத் தலைநகரத்திலிருந்து லாஹாஸ் வரை சாலை வழியாகக் கொண்டுபோனார்கள். ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொங்கோ சங்கத்தார் தங்கள் முறைப்படி கொட்டி வழியனுப்பினார்கள்.

வர மாட்டார் என்று பெயர் வாங்கியவர் கடைசித் தடவை வந்துவிட்டார், வந்திருக்கக் கூடாத நிலையில். இதற்குமேல் இன்று எழுத விருப்பமில்லை.

22 பிப்ரவரி

"ஒளிவட்டம்" பற்றி. இளம் வயதுச் சாவு ஒரு பாடகரைப் பத்தாண்டு தாங்கும். அறுபது ஆண்டு தாங்காது. அதே ஹவானாவில் அதே காலத்தில் இளமையில் போன பாடகர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்களில் எத்தனை பேரை இந்த இழையில் யாராவது குறிப்பிட்டார்கள்?

இங்கே ஓர் அரசியல் முடிச்சும் இருக்கிறது. 1959 புரட்சிக்குப் பிறகு பெரிய கலைஞர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். செலியா குரூஸ் 1960இல் போனார், ஒல்கா கியோத் போனார், பெனியின் சொந்த டிரம்ஸ்காரர் லா செரீ போனார். சாக்லேட் அர்மென்தெரோஸ் நியூயார்க்கில் வாழ்ந்து மறைந்தார். பெனி போகவில்லை. போனவர்களின் பாட்டு ஹவானா வானொலியில் நின்றுபோயிற்று. தங்கியவர்களை, போனவர்கள் குடியேறிய மயாமி பக்கம் சந்தேகத்தோடு பார்த்தது. இரண்டு கரையிலும் ஒருசேரச் சொந்தம் கொண்டாடப்படுபவர் என்று விரல்விட்டு எண்ணினால் முதல் விரல் பெனிக்குத்தான். 1978இல் நியூயார்க்கில் இசைக்குழுத் தலைவர் தீத்தோ புவெந்தே அவருக்கு அஞ்சலியாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார், அதற்குக் கிராமி விருது கிடைத்தது. புவெந்தேவுக்கு முதல் கிராமி அதுதான். அதில் பாடியவர்களில் செலியா குரூஸும் ஒருவர். நாட்டைவிட்டுப் போனவர், போகாதவரின் பாட்டைப் பாடினார். இதை ஒளிவட்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

சியன்ஃபுவேகோஸின் பெரிய வீதியான பிராதோவில் ஆளுயர வெண்கலச் சிலை, தொப்பியோடும் கைத்தடியோடும். மேடை எதுவும் கிடையாது. நடைபாதையிலேயே, போகிறவர் வருகிறவரோடு ஒருவராக நிற்கிறது. செய்தவர் ஹொசே வீயா சொபெரோன். ஹவானாப் பூங்கா பெஞ்சில் ஜான் லென்னனை உட்கார வைத்தவரும் இவரே. (வீதிக்குப் பெயர் பிராதோ என்பதைப் பார்த்து, மம்போ பிராதோவின் பெயர் வைத்தார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பழைய பெயர் அது.) 2023இல் யுனெஸ்கோ பொலேரோவைக் கியூபாவுக்கும் மெக்ஸிக்கோவுக்கும் பொதுவான பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான குரல் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

27 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இறங்கி வந்து, "சரி, எதிலிருந்து கேட்பது?" என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

முதலில் "கோமோ ஃபுவே", இரவில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு. அடுத்து, பிராதோவோடு பாடிய "தொலோர் கராபாலி". பிராதோவோடு செய்தவற்றில் தனக்குப் பிடித்தது அதுவே என்று பெனி சொன்னதாகச் சொல்வார்கள். மம்போ என்றால் கேளிக்கை மட்டும் என்ற எண்ணம் அதில் அடிபட்டுப்போகும். பிறகு தன் ஊரின் பெயரையே தலைப்பாக வைத்து அவர் கட்டிய "சாந்தா இசபெல் தெ லாஸ் லாஹாஸ்". அதற்குப் பிறகு "மரகாய்போ ஒரியென்தால்", உட்கார்ந்து கேட்க முடிந்தால் கேளுங்கள். "ஓ வீதா"வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2006இல் வந்த "எல் பெனி" படத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஹொர்ஹே லூயிஸ் சாஞ்செஸ் இயக்கியது. ஆட்டத்துக்காகப் பார்க்கலாம். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொகுப்பு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய 78 சுழற்சித் தட்டுகளைச் சுத்தம் செய்கிறேன் என்று எதிரொலி சேர்த்து, மேலே புதுக் கொட்டும் ஒட்டி விற்கும் பதிப்புகள் உலவுகின்றன. அட்டை பளபளக்கும். உள்ளே குரல் குளியலறையில் இருந்து வரும். கீறல் சத்தத்தோடு இருப்பதையே வாங்குங்கள். எந்தப் பாட்டில் எந்தக் குழு வாசித்தது என்று பின்னட்டையில் பிரித்துப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மெர்செரோன் குழு வாசித்ததையெல்லாம் பிராதோ கணக்கில் எழுதியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.